துருவை எடுத்துடுங்க!

கண்ணாடியைப் படம் எடுத்திருக்கிறீர்களா? ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கண்ணாடி வராது. நீங்கள் வருவீர்கள், உங்கள் கையில் இருக்கும் போன் வரும், பின்னால் கொடியில் காயும் துண்டு வரும். காரும் அப்படித்தான். பாலிஷ் போட்ட கார் என்பது நான்கு சக்கரத்தின் மேல் நிற்கும் வளைந்த கண்ணாடி. கூரை வானத்தைக் காட்டும், கதவு எதிர்வீட்டுச் சுவரைக் காட்டும், அடிப்பகுதி ரோட்டைக் காட்டும். பம்பரைப் பார்த்தால், வயிறு பெருத்து கால் சூம்பிப்போன ஒரு போட்டோகிராபர் தெரிவார்.

1976-ல் மெட்ராஸில் ஒரு விளம்பர ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்த எனக்குக் கிடைத்த முதல் பாடம் இது. எங்கள் மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். "காரைப் பார்க்காதடா, கார்ல என்ன தெரியுதுன்னு பாரு" என்றார் ஒருநாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் லைட் ஸ்டாண்ட் தூக்கவிட்டார். பாடம் முடிந்தது.

ஸ்டுடியோவுக்குள் கார் நுழைய இடம் கிடையாது. குடோன் ஒன்றை வாடகைக்குப் பிடிப்போம். கல்யாணப் பந்தல் போடுகிறவரிடம் மூங்கிலும் கயிறும் வாங்கி, காரைவிடப் பெரிதாகச் சட்டம் கட்டி, அதில் வெள்ளைக் காடாத் துணியை இழுத்துத் தைத்து, காரின் தலைக்கு மேலே தொங்கவிடுவோம். விளக்கை காரின் மேல் அடிக்கக் கூடாது, துணியின் மேல் அடிக்க வேண்டும். அந்தத் துணியின் வெளிச்சம் பானட்டிலும் கூரையிலும் நீளமான வெள்ளைப் பட்டையாக விழும். பட்டையின் ஓரம் எப்படி வளைகிறதோ அதுதான் நம் கண்ணுக்கு காரின் வடிவம். துணியில் ஒரு சுருக்கம் இருந்தால் பானட்டில் பள்ளம் விழுந்ததுபோலத் தெரியும். அந்தச் சுருக்கத்துக்காக இஸ்திரிப் பெட்டியோடு மூங்கில் ஏணியில் ஏறியிருக்கிறேன். சரியாகத் தேய்த்துவிட்டால் கீழேயிருந்து மாஸ்டர் "ம்" என்பார். அந்த "ம்" எனக்குப் பத்மஸ்ரீ.

வெளியே எடுப்பதென்றால் மெரினா, இல்லாவிட்டால் மகாபலிபுரம் போகும் பழைய ரோடு. கடலிலிருந்து சூரியன் எழும்புவதற்கு முன்னால் இருபது நிமிடம் கிடைக்கும். அப்போது வானம் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். நாங்கள் கட்டிய காடாத் துணியை ஆண்டவனே கட்டிக் கொடுத்தது மாதிரி. சூரியன் தலையை நீட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது, மறுநாள் காலைதான். அந்த இருபது நிமிடத்துக்காக இரவு இரண்டு மணிக்கே போய் நிற்போம். ரோட்டில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவோம். ஈர ரோடு கறுத்து மினுக்கும், கார் மிதப்பதுபோல இருக்கும். டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்குவோம். வண்டி கொஞ்சம் கீழே இறங்கி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே உள்ள அசிங்கமான இடைவெளி மறையும். சக்கர மூடியில் இருக்கும் எழுத்து நேராக நிற்கும்வரை வண்டியை முன்னும் பின்னும் தள்ளுவோம். பம்பரில் எங்கள் முகம் விழாமல் இருக்க, ஆளுக்கொரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு நிற்போம். நடுராத்திரியில் கடற்கரை ரோட்டில் அந்தக் கோலத்தைப் பார்த்து சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு.

பிலிம் நான்கு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம், ஒவ்வொன்றும் தனித்தனித் தாள். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் கார் தலைகீழாகத் தெரியும். ஸ்லைடு பிலிமில் வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். கழுவி வரும்வரை யாருக்கும் சோறு இறங்காது.

"இதெல்லாம் ஏமாத்து வேலை இல்லையா மாஸ்டர்?" என்று கேட்டிருக்கிறேன். "பொண்ணு பார்க்க வர்றாங்கன்னா வீட்டைப் பெருக்க மாட்டியா?" என்றார்.

நியாயம்தான். ஆனால் வீடு பெருக்குவதைத் தாண்டி இன்னொரு கட்டமும் இருந்தது. பிரின்ட் போட்ட படம் ஏர்பிரஷ் ஓவியரிடம் போகும். பேனா மாதிரி ஒரு சின்னக் குழாய். காற்றோடு கலந்து மை பனிபோல வரும். அந்தக் காலத்து வண்டிகளில் கதவும் உடம்பும் சேரும் இடுக்கு மேலே அரை விரல், கீழே ஒரு விரல் என்று இருக்கும். ஓவியர் அதை ஒரே கோடாக்கிவிடுவார். தகட்டின் அலை அடங்கும். கண்ணாடி ரப்பர் நேராகும். விளம்பரத்தில் வரும் காரும் ஷோரூமில் நிற்கும் காரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரட்டைப் பிறவிகளாக இருக்காது.

அமெரிக்காவில் இதை ஒரு கலையாகவே செய்தார்கள். 1959 முதல் 1971 வரை போன்டியாக் விளம்பரங்களை வரைந்தவர்கள் ஆர்ட் ஃபிட்ஸ்பேட்ரிக், வான் காஃப்மன் என்ற இருவர். ஒருவர் காரை வரைவார், மற்றவர் பின்னால் இருக்கும் கடற்கரையையும் ஹோட்டலையும் ஆட்களையும் வரைவார். அந்தப் படங்களில் கார் நிஜத்தைவிட அகலமாக, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதே 1959-ல், நியூயார்க்கில் டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பரக் கம்பெனி வேறு வழியில் போனது. வெள்ளைப் பக்கத்தின் ஒரு மூலையில், கைக்குட்டையில் உட்கார்ந்த வண்டு மாதிரி, சின்னதாக ஒரு ஃபோக்ஸ்வேகன். மற்ற இடமெல்லாம் வெறுமை. அடுத்து வந்த இன்னொரு விளம்பரத்துக்கு 'எலுமிச்சை' என்றே தலைப்பு. குறையுள்ள வண்டியை அமெரிக்கர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உள்ளே ஒரு பட்டையில் சின்ன மாசு இருந்ததால் பரிசோதகர் இந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று கீழே எழுதியிருந்தார்கள். தன் குறையைத் தானே சொல்லி விற்ற கார் அது. மாஸ்டர் அந்தப் பக்கத்தை ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வெட்டி, இருட்டறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தார். ஏர்பிரஷ்ஷுக்கு அனுப்பும் கவர்களையும் அதே கதவுக்குப் பின்னால்தான் அடுக்கி வைப்போம். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நம் ஊரில் அன்றைக்கு கார் விளம்பரம் என்பதே ஒரு வேடிக்கை. அம்பாஸடர், ஃபியட்டாக இருந்து பத்மினியான வண்டி, நம் வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்த ஸ்டாண்டர்டு. இந்த மூன்றை விட்டால் வேறு வழியில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவனிடம் எதற்கு விளம்பரம்? அதனால் கார் கம்பெனிகளைவிட டயர், பேட்டரி, ஸ்பார்க் பிளக், என்ஜின் ஆயில் விற்கிறவர்கள்தான் எங்களுக்குப் படியளந்தார்கள். அந்தப் படங்களில் கார் துணை நடிகர். ஒரு டயரைப் பளபளப்பாக்க அரை நாள் கிளிசரின் தடவுவோம். வண்டியின் மூஞ்சி அவுட் ஆஃப் ஃபோகஸில் இருக்கும்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. வாங்குகிறவர்களின் முகம் மாறியது. அடுத்தடுத்த வருஷங்களில் எங்கள் வேலையும் மாறியது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து சான்ட்ரோ வந்தபோது ஷாருக் கான் வந்து நின்றார். அப்போது நான் தனியாக ஸ்டுடியோ வைத்திருந்தேன். நல்ல வருமானம். பெரிய பெண்ணின் படிப்பு, சின்னவளின் கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் கார்களின் மேல் விழுந்த அந்த வெள்ளைப் பட்டையில்தான் நடந்தது.

பிறகு கம்ப்யூட்டர். காரை வடிவமைக்கிறவர்களிடம் அதன் ஒவ்வொரு வளைவும் ஏற்கெனவே கணினியில் இருக்கிறதே, அதை வைத்தே படத்தை உருவாக்கிவிடலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு வந்த கடைசிப் பெரிய வேலை எது தெரியுமா? காரே இல்லாத ரோடு. விடிகாலையில் போய் வெறும் ரோட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். கார் நிற்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் உருண்டையை வைத்து அதையும் சுற்றிச்சுற்றி எடுக்க வேண்டும். உருண்டையில் தெரியும் வானத்தையும் மரத்தையும் பிய்த்து, பிறக்காத காரின் மேல் போர்த்திக்கொள்வார்கள். வாழ்நாள் முழுக்க என்னைப் பிரதிபலிப்பிலிருந்து ஒளித்துக்கொண்டவன் நான். அந்த உருண்டையில் நான் நன்றாகவே விழுந்தேன். யாரும் கவலைப்படவில்லை, கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்வார்களாம்.

ஸ்டுடியோவை மூடினேன். துக்கமெல்லாம் பெரிதாக இல்லை. வாடகை மிச்சம்.

பழைய கார்கள் அதற்குப் பிறகுதான் என்னைத் தேடி வந்தன. சென்னையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூட்டம் பெரியது. ஊர்வலம், கண்காட்சி என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடு அறக்கட்டளையின் கார் மியூசியம் 2015-ல் திறந்தது, இங்கே ஏவி.எம்.மில் 2023-ல் ஒன்று. பழைய வண்டியைப் படமெடுக்கத் தெரிந்தவன் யார் என்று விசாரித்து வந்தார்கள். முதலில் என் பழைய வித்தையையெல்லாம் எடுத்துவிட்டேன். ஈர ரோடு, மணல் மூட்டை, வெள்ளைத் துணி. காலண்டருக்கு அது போதும். விற்பனைக்கு என்று வரும்போது கதை வேறு.

பழைய கார் வாங்குகிறவனுக்குப் பளபளப்பைப் பார்த்தால் சந்தேகம்தான் வரும். அவன் கேட்பது எல்லாமே, நான் முப்பது வருஷம் மறைத்த இடங்கள். கதவின் அடி ஓரம். கார்ப்பெட்டைத் தூக்கினால் தெரியும் தரைத் தகடு. டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம். சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர், இரண்டும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பது. இப்போது என் கேமராப் பையில் ஒரு காந்தத் துண்டு இருக்கிறது. தகட்டில் ஒட்டும், பட்டி பூசி பெயின்ட் அடித்த இடத்தில் ஒட்டாமல் விழும். ஒட்டிய இடத்தையும் விழுந்த இடத்தையும் படமெடுத்துக் கொடுப்பேன். வண்டிக்கு அடியில் போக, மெக்கானிக்குகள் வைத்திருப்பதுபோல சக்கரம் வைத்த பலகை ஒன்றும் வாங்கினேன். அறுபது வயதுக்கு மேல் மல்லாக்கப் படுத்துக்கொண்டு படமெடுப்பது எப்படி இருக்கும் என்று என் மனைவியிடம் கேளுங்கள். தைலம் தேய்ப்பது அவர்தான்.

2021-ல் வந்த மத்திய அரசு விதியும் இந்தத் தேவையைக் கூட்டியது. முதல் பதிவுக்குப் பிறகு ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை, அதன் மூல உருவம் பெரிதாக மாறாமல் இருந்தால், வின்டேஜ் என்று பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். தினசரி ஓட்டக் கூடாது. 'மூல உருவம்' என்று வந்துவிட்டதால், மாற்றாத வண்டிக்கு மவுசு ஏறியது. கூடவே புரோக்கர்களும் ஏறினார்கள்.

அப்படி ஒரு புரோக்கர் மூலமாகத்தான் தாம்பரத்தில் அந்த வீட்டுக்குப் போனேன். 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிர் நீலம், எம்.எஸ். என்று தொடங்கும் பழைய நம்பர். வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலொட்டி. இந்த வண்டியைச் செய்ததோ பக்கத்திலேயே, வண்டலூர் போகும் வழியில். அந்த அம்மாவின் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1974-ல் இரண்டாம் கையாக வாங்கி, இறக்கும்வரை அவரே பார்த்துக்கொண்டார். ஹெரால்டின் முன்பக்கத்தை மூக்கோடு மொத்தமாகத் தூக்கி முன்னால் சாய்த்துவிடலாம். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து என்ஜினைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காபியை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்றார் அம்மா. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி அது. அவர்கள் சந்தில் ஒரே திருப்பில் திருப்புவதை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று பார்ப்பார்களாம்.

விற்பதற்குக் காரணம் மொட்டைமாடி. மழை பெய்தால் மூன்று அறையிலும் ஒழுகும். தட்டோடு புதிதாகப் பதிக்க ஒரு தொகை வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்புகிறேன் என்றாராம். "அவனுக்கு அங்க ஆயிரம் செலவு. வீட்டுல நிக்கிறதை வெச்சு வீட்டைச் சரி பண்ணிக்கிறேன்" என்றார்.

மேலே பார்க்க வண்டி லட்சணமாக இருந்தது. பலகையில் படுத்து உள்ளே போனேன். ஹெரால்டுக்கு சேஸிஸ் தனி, உடம்பு தனி. சேஸிஸிலிருந்து இரண்டு பக்கமும் கைபோல நீளும் இரும்புகள்தான் உடம்பைத் தாங்குகின்றன. இடதுபக்கக் கைகளில் துரு. விரலால் தட்டினால் வறட்டி மாதிரி உதிர்ந்தது. வெல்டிங் வேலை கணிசமாக இருக்கும் என்று தெரிந்தது.

புரோக்கர் என் பக்கத்தில் குந்தினார். "சார், கம்ப்யூட்டர்ல துருவை எடுத்துடுங்க சார். அடியில எவன் பார்க்கப் போறான்?" அவர் சொல்லியிருந்த விலை, துரு இல்லாத வண்டிக்கான விலை. அந்தத் தொகையை நம்பி அம்மா கொத்தனாரிடம் பேசியும்விட்டார்.

நான் வெளியே வந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, பார்த்ததை அம்மாவிடம் சொன்னேன். இது எவ்வளவு செலவு வைக்கும், விலையில் எவ்வளவு இறங்கும் என்பதையும் உத்தேசமாகச் சொன்னேன். புரோக்கர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அம்மா கொஞ்ச நேரம் மேல்தளத்தையே பார்த்தார். அங்கே காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது.

"துருவையும் எடுத்துடுங்க தம்பி" என்றார்.

புரோக்கர் முகம் மலர்ந்தது. எனக்கு ஒரு நிமிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "படத்துல அழிக்கச் சொல்றீங்களாம்மா?" என்றேன்.

"ஐயய்யோ, போட்டோ எடுங்கன்னேன். வாங்குறவன் அதுல பொண்டாட்டி பிள்ளையை ஏத்திக்கிட்டுப் போவான்ல?"

ஒரே வார்த்தைதான். அவர் ஒன்றுக்கு வைத்தார், இவர் இன்னொன்றுக்கு.

மறுபடி உள்ளே போய்ப் பதினான்கு படம் எடுத்தேன். பக்கத்திலேயே ஒரு ஸ்கேலை வைத்து, ஓட்டை எத்தனை அங்குலம் என்று தெரியும்படி. புரோக்கர் அன்றோடு விலகிக்கொண்டார். நானே தெரிந்தவர்களுக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் ஒருவரும் வரவில்லை. நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்துபோனது. அந்த நாட்களில் மழை பெய்யும்போதெல்லாம் எனக்கு அந்த வீட்டு ஞாபகம் வரும். ஒருநாள் போன் செய்தேன். "நாலு வாளி, ரெண்டு குண்டான் வெச்சிருக்கேன், கவலைப்படாதீங்க" என்றார்.

ஆறாவது மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். அடிப்பக்கப் படங்களை பிரின்ட் போட்டு எடுத்து வந்திருந்தார். தன் வெல்டரையும் அழைத்து வந்திருந்தார். இருவரும் பேசி ஒரு விலை சொன்னார்கள். புரோக்கர் சொன்னதில் முக்கால் பங்குகூட இல்லை. அம்மா பேரம் பேசினார், நன்றாகவே பேசினார். கொஞ்சம் ஏறியது. மாடியில் பாதிக்குத்தான் தட்டோடு பதிக்க முடிந்தது. படுக்கையறைப் பக்கம் முடிந்துவிட்டது, சமையலறைப் பக்கம் இன்னும் வாளிதான்.

வண்டியை லாரியில் ஏற்றிய அன்றைக்குப் படங்களின் பிரின்ட்டுகளை அம்மாவிடம் கொடுத்தேன். ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். நான் கழித்துப்போட வேண்டும் என்று ஓரமாக வைத்திருந்த படம் அது. முன்பக்க பம்பரை அருகில் எடுத்தது. குரோம் கொஞ்சம் மங்கியிருக்கிறது. அதில் வீட்டு வாசல் வளைந்து தெரிகிறது. வாசலில் டம்ளரோடு அம்மா நிற்கிறார், எனக்குக் காபி கொண்டு வந்த நேரம் போல. என் தொழிலில் ஆள் தெரியும் பம்பர் தள்ளுபடி. "இது நல்லா வந்திருக்கு" என்றார்.

அடுத்த வாரம் காரைக்குடியில் ஒரு ஸ்டாண்டர்டு வான்கார்டு. சொந்தக்காரர் நேற்று போன் செய்தார். நீங்கள் வருவதற்குள் வண்டியை மேலும் கீழும் சுத்தமாகக் கழுவி, அடியில் கறுப்பு பெயின்ட் அடித்து வைத்துவிடுகிறேன் என்றார். கழுவுங்கள், பெயின்ட் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.